விரலை விசாரித்தார்கள், கஜானாவை விட்டுவிட்டார்கள்

வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண் வேலையிடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2021 அக்டோபர் 21, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம், சாண்டா ஃபே நகருக்கு அருகிலுள்ள போனான்சா க்ரீக் பண்ணை. 'ரஸ்ட்' என்ற படத்துக்காக மரத்தாலான தேவாலய அரங்கு ஒன்றில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. நடிகர் அலெக் பால்ட்வின் கையிலிருந்த ரிவால்வரிலிருந்து பாய்ந்த நிஜத் தோட்டா, ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹட்சின்ஸின் உடலைத் துளைத்து வெளியேறி, இயக்குநர் ஜோயல் சூசாவின் தோளில் தங்கியது. ஹட்சின்ஸ் இறந்தார். உக்ரைனில் பிறந்து, கீவ் நகரில் இதழியல் படித்து, அமெரிக்கா சென்று ஒளிப்பதிவாளராக உயர்ந்தவர். வயது 42.

இந்த மரணத்துக்காக மூன்று பேர் மீது மட்டுமே குற்ற வழக்கு வந்தது. துப்பாக்கிகளுக்குப் பொறுப்பான ஹன்னா குட்டியரெஸ் ரீட், சம்பவத்தின்போது வயது 24. 2024 மார்ச்சில் ஜூரி அவரை உள்நோக்கமின்றி மரணம் விளைவித்த குற்றவாளி என்றது. ஏப்ரலில் 18 மாதச் சிறைத்தண்டனை, அதாவது அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சம். இரண்டாமவர், துப்பாக்கி பாதுகாப்பாக இருக்கிறது என்று அறிவித்த முதல் உதவி இயக்குநர் டேவிட் ஹால்ஸ். குற்றச்சாட்டை எதிர்த்து வாதிடாமல் அரசுத் தரப்போடு உடன்பாடு செய்துகொண்டு, ஆறு மாத நன்னடத்தைக் கண்காணிப்போடு வெளியேறினார். மூன்றாமவர் பால்ட்வின். 2024 ஜூலை 12 அன்று, விசாரணை தொடங்கிய மூன்றாவது நாளே, அவர் மீதான வழக்கு மீண்டும் தொடர முடியாதபடி தள்ளுபடி ஆனது. படத்தைத் தயாரித்த நிறுவனமான ரஸ்ட் மூவி புரொடக்ஷன்ஸ் மீது குற்ற வழக்கே இல்லை. அது அபராதம் கட்டியது.

என் முனைவர் பட்ட ஆய்வு, வேலையிட மரணங்களைக் குற்றவியல் சட்டம் எப்படிக் கையாள்கிறது என்பதைப் பற்றியது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: 'ரஸ்ட்' வழக்கு விதிவிலக்கானதல்ல. மரணம் நடந்த இடத்துக்கு மிக அருகில் நின்றவரைப் பிடிப்பது, மரணத்துக்கான சூழலை உருவாக்கியவரைத் தொடாமல் விடுவது என்ற பழைய வழக்கத்தின் பளிச்சென்ற உதாரணம், அவ்வளவுதான். நட்சத்திரம் ஒருவர் இதில் சிக்கியதால் உலகமே பார்த்தது. ஆனால் தவறான இடத்தைப் பார்த்தது.

விசையை இழுத்தாரா, இல்லையா?

மூன்று ஆண்டுகள் ஊடகங்கள் ஒரே கேள்வியைச் சுற்றி வந்தன. பால்ட்வின் விசையை இழுத்தாரா? தான் இழுக்கவில்லை என்று அவர் தொலைக்காட்சியில் சொன்னார். இழுக்காமல் அந்தத் துப்பாக்கி வெடிக்க வாய்ப்பில்லை என்றது எஃப்.பி.ஐ. பரிசோதனை. இந்த விவாதத்துக்கு ரசிகர்கள், அரசியல் எதிரிகள், சட்ட வல்லுநர்கள் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள்.

எனக்கு அந்தக் கேள்வியில் அக்கறை இல்லை. படப்பிடிப்பில் ஒரு நடிகரிடம் 'கோல்ட் கன்' என்று அறிவித்து ஒரு துப்பாக்கி தரப்படுகிறது. அந்தச் சொல்லுக்கு, அதில் வெடிக்கக்கூடிய எதுவும் இல்லை என்று பொருள். அதை நம்பித்தான் நடிகர் நடிக்கிறார். டம்மி தோட்டாவுக்கும் நிஜத் தோட்டாவுக்கும் வேறுபாடு கண்டுபிடிப்பது நடிகரின் தொழில் அல்ல, அதற்கென்று ஒருவர் நியமிக்கப்படுகிறார் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. நடிகர் பால்ட்வினைச் சிறைக்கு அனுப்பினால் நீதி கிடைத்துவிடும் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் பால்ட்வின் நடிகர் மட்டுமல்ல. அந்தப் படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவர். விசாரணை தொடங்குவதற்கு முந்தைய நாள் நீதிபதி மேரி மார்லோ சோமர் ஓர் உத்தரவிட்டார்: பால்ட்வின் இணைத் தயாரிப்பாளர் என்பது இந்த வழக்குக்குத் தொடர்பற்றது, ஜூரியின் முன் அதைப் பேசக் கூடாது. சட்ட நுணுக்கத்தின்படி இந்த உத்தரவுக்குக் காரணங்கள் இருக்கலாம். தயாரிப்பாளர்கள் பலர் இருந்தார்கள், பணியமர்த்தும் முடிவும் பட்ஜெட் முடிவும் தன்னுடையவை அல்ல என்பதே பால்ட்வின் தரப்பு. அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் அந்த முடிவுகள் யாருடையவை? இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு குற்றவியல் நீதிமன்றமும் கூடவில்லை. விசையைத் தொட்ட விரலுக்கு ஒரு விசாரணை நடந்தது. கஜானாவைத் திறந்து மூடிய கைகளுக்கு எந்த விசாரணையும் நடக்கவில்லை.

தோட்டாவுக்கு முன்னால் நடந்தவை

அந்தத் தளத்தில் என்ன நடந்தது என்பதை நியூ மெக்சிகோ மாநிலத்தின் தொழிலிடப் பாதுகாப்புத் துறை 2022 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் பார்க்கலாம். மரணத்துக்கு ஐந்து நாட்கள் முன்பு, அக்டோபர் 16 அன்று, அதே படப்பிடிப்பில் துப்பாக்கிகள் இரண்டு முறை தவறுதலாக வெடித்திருக்கின்றன. நிர்வாகத்துக்குத் தெரியும். விசாரிக்கவில்லை, வேலையை நிறுத்தவில்லை, புதிய நடைமுறை எதையும் கொண்டுவரவில்லை. கேமரா குழுவினர் பாதுகாப்பு பற்றிப் புகார் சொன்னார்கள். தினமும் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தள்ளி அல்புகெர்க்கி நகரில் தங்கவைக்கப்பட்டு, நீண்ட வேலை நேரத்துக்குப் பிறகு அந்தத் தூரத்தைக் கடக்கவேண்டியிருந்தது பற்றியும் புகார் சொன்னார்கள். கேட்க ஆளில்லை. அக்டோபர் 21 காலை அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறினார்கள். தயாரிப்புத் தரப்பு, தொழிற்சங்கத்தில் இல்லாத ஆட்களை வரவழைத்துப் படப்பிடிப்பைத் தொடர்ந்தது. அன்று மதியமே ஹட்சின்ஸ் கொல்லப்பட்டார்.

வெளியேறியவர்கள் ஜோசியம் பார்த்துச் சொல்லவில்லை. தங்கள் கண்ணால் பார்த்ததைச் சொன்னார்கள். உழைப்பவர்கள் ஆபத்தைச் சொன்னார்கள், உரிமையாளர்கள் அட்டவணையைக் காட்டினார்கள். இதற்குப் பெயர் விபத்து என்றால் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே இல்லை.

இப்போது பணத்தைப் பார்ப்போம். மரணத்துக்குப் பிறகு ஹாலிவுட் ரிப்போர்ட்டர் வெளியிட்ட பட்ஜெட் வரைவின்படி, ஏறத்தாழ 73 லட்சம் டாலரில் திட்டமிடப்பட்ட அந்தப் படத்தில் ஆறு தயாரிப்பாளர்களுக்கு ஒதுக்கப்பட்ட தொகை 6,50,000 டாலர். படத்தின் எல்லாத் துப்பாக்கிகளுக்கும் பொறுப்பான ஹன்னாவுக்கு 7,913 டாலர். அதுவும் முழுநேர ஆயுதப் பொறுப்புக்கு அல்ல. சில நாட்கள் மட்டும் ஆயுதப் பொறுப்பு, மற்ற நாட்களில் ப்ராப்பர்ட்டி உதவியாளர். ஆயுத வேலையில் அதிக நேரம் செலவிடுகிறார், ப்ராப்பர்ட்டி வேலை பின்தங்குகிறது என்று தயாரிப்புத் தரப்பிலிருந்து அவருக்குக் கண்டிப்பு வந்தது. உயிர் காக்கும் வேலையை மிச்ச நேரத்தில் பார்த்துக்கொள் என்பதுதான் இதன் பொருள்.

ஹன்னா குற்றமற்றவர் என்று நான் வாதிடவில்லை. நிஜத் தோட்டா ஒன்று படப்பிடிப்புத் தளத்துக்கு எந்தக் காரணத்துக்காகவும் வரக்கூடாது. டம்மி தோட்டாவைக் குலுக்கிப் பார்த்தாலே உள்ளே இருக்கும் சிறு குண்டுகளின் சத்தம் கேட்கும். அதைச் செய்வதுதான் அவருடைய வேலை. தளத்தில் ஆறு நிஜத் தோட்டாக்கள் கண்டெடுக்கப்பட்டன. ஜூரி அவரைப் பொறுப்பாக்கியதில் அடிப்படை இருக்கிறது. என் கேள்வி வேறு. அந்த ஏணியில் அவருக்கு மேலே நின்ற ஒருவர்கூட ஒரு நாளும் சிறையில் இருக்கவில்லையே, ஏன்?

வழக்கு தள்ளுபடியான விதத்தையும் பாருங்கள். முன்னாள் காவல் அதிகாரி ஒருவர் 2024 மார்ச்சில் சில தோட்டாக்களைக் கொண்டுவந்து ஷெரிஃப் அலுவலகத்தில் ஒப்படைத்தார். அவை வேறொரு எண்ணில் பதிவு செய்யப்பட்டு, பால்ட்வின் தரப்புக்குத் தெரிவிக்கப்படவில்லை. ஆதாரத்தை மறைத்ததால் வழக்கு முடிந்தது. சரியான தீர்ப்பு. அரசுத் தரப்பு ஆதாரத்தை மறைத்து யாரையும் தண்டிக்கக் கூடாது. போலீசின் கைவரிசையைத் தலைமுறைகளாக அனுபவித்தவர்கள் நாம், இதில் நமக்கு இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால் அதே காரணத்தைக் காட்டி மறுவிசாரணை கேட்ட ஹன்னாவின் மனுவை அதே நீதிபதி 2024 செப்டம்பரில் நிராகரித்தார். சட்டக் காரணங்கள் சொல்லப்பட்டன. விளைவு மட்டும் கண்முன்னால் நிற்கிறது: ஒரே ஆதாரம், ஒரே நீதிபதி, ஒருவர் வீட்டுக்கு, இன்னொருவர் சிறைக்கு. 2025 மே மாதம்தான் ஹன்னா பரோலில் வெளியே வந்தார். அதே மாதம் 'ரஸ்ட்' படமும் வெளியானது.

அபராதம் எவ்வளவு? மாநிலச் சட்டம் அனுமதித்த அதிகபட்சமான 1,36,793 டாலர் விதிக்கப்பட்டது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. பிறகு 1,00,000 டாலரில் சமரசம். தயாரிப்பாளர்களுக்கென ஒதுக்கிய தொகையில் ஆறில் ஒரு பங்கைக்கூட அது எட்டவில்லை. ஓர் உயிர், பட்ஜெட்டில் ஒரு செலவினமாகக் கணக்கு எழுதி மூடப்பட்டது.

நாற்பது ஆண்டுகளின் வரிசை

இது புதிதா? இல்லை. 1982 ஜூலை 23 அதிகாலை, கலிஃபோர்னியாவில் 'ட்விலைட் ஸோன்' படப்பிடிப்பில் வெடிகளால் நிலைகுலைந்த ஹெலிகாப்டர் விழுந்து நடிகர் விக் மாரோவும் இரண்டு குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். குழந்தைகளின் வயது ஏழும் ஆறும். ஆசியாவிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை மீறி, அனுமதி வாங்காமல், ரொக்கமாகப் பணம் கொடுத்து, நள்ளிரவு தாண்டிய நேரத்தில் அவர்களை வேலை வாங்கினார்கள். இயக்குநர் ஜான் லேண்டிஸ் உட்பட ஐந்து பேர் மீது வழக்கு நடந்தது. 1987இல் ஐவரும் விடுதலை.

1993 மார்ச் 31, வட கரோலினாவின் வில்மிங்டன். 'தி க்ரோ' படத்தில் நடித்துக்கொண்டிருந்த ப்ரூஸ் லீயின் மகன் ப்ராண்டன் லீ சுடப்பட்டு இறந்தார். வயது 28. முறையான டம்மி தோட்டாக்கள் இல்லாமல், நிஜத் தோட்டாக்களைப் பிரித்து மருந்தைக் கொட்டிவிட்டுப் பயன்படுத்தியிருந்தார்கள். அப்படிச் செய்ததில் ஒன்றின் முனை துப்பாக்கிக் குழாய்க்குள் சிக்கிக்கொண்டது. பிறகு சத்தத்துக்காக வெற்றுத் தோட்டா போட்டுச் சுட்டபோது, சிக்கியிருந்த முனை நிஜக் குண்டாகப் பாய்ந்தது. ஆயுத நிபுணர் அன்று தளத்தில் இல்லை. குற்ற வழக்கு? யார் மீதும் இல்லை. 84,000 டாலர் அபராதம், பிறகு அதுவும் 55,000 ஆகக் குறைக்கப்பட்டது.

சட்டத்தால் மேலே ஏற முடியாது என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு 2014ஐக் காட்டலாம். ஜார்ஜியா மாநிலத்தில் ரயில் நிறுவனம் அனுமதி மறுத்த பிறகும் ரயில் பாலத்தின் மீது 'மிட்நைட் ரைடர்' படப்பிடிப்பை நடத்தினார்கள். ரயில் வந்தது. கேமரா உதவியாளர் சாரா ஜோன்ஸ், 27 வயது, கொல்லப்பட்டார். இயக்குநர் ராண்டல் மில்லர் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஓராண்டுக்கு மேல் சிறையில் இருந்தார். ஆக, சட்டத்துக்கு ஏணி தெரியும். ஏறுவதா வேண்டாமா என்பது அரசியல் முடிவு.

கடல் தாண்டி இன்னொன்று. 2014இல் பிரிட்டனில் 'ஸ்டார் வார்ஸ்' படப்பிடிப்பில் ஹைட்ராலிக் கதவு விழுந்து ஹாரிசன் ஃபோர்டின் கால் உடைந்தது. பாதுகாப்புத் துறை தயாரிப்பு நிறுவனத்தையே குற்றவியல் நீதிமன்றத்தில் நிறுத்தியது. நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அபராதம் 16 லட்சம் பவுண்டு. அங்கே ஒரு காலுக்கு அவ்வளவு, இங்கே ஓர் உயிருக்கு ஒரு லட்சம் டாலர். அந்த நாட்டின் 1974ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, நிறுவனத்தின் குற்றம் அதன் இயக்குநர் அல்லது மேலாளரின் சம்மதத்தோடோ, கண்டும் காணாமல் விட்டதாலோ, அலட்சியத்தாலோ நடந்திருந்தால் அவரும் தனிப்பட்ட முறையில் குற்றவாளியே என்கிறது. 'ரஸ்ட்' வழக்குக்குத் தேவைப்பட்டது இந்த ஒரு பிரிவுதான்.

நமக்கு இதில் என்ன?

ஹாலிவுட் தளத்தில் சாதி இருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் பொறுப்பு கீழ்நோக்கி மட்டும் வழியும் விதம் இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நன்றாகத் தெரியும். மலக்குழியில் ஒருவர் மூச்சுத்திணறிச் சாகும்போது முதல் தகவல் அறிக்கையில் யார் பெயர் வருகிறது? ஒப்பந்தக்காரர், மேற்பார்வையாளர். எந்திரம் வாங்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அதிகாரியின் பெயரைத் தேடவேண்டியிருக்கிறது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது 2013இல். அதன் பிறகும் சாகிறவர்கள் யார் என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நம் சினிமாவுக்கே வருவோம். 2020 பிப்ரவரி 19 அன்று சென்னைக்கு அருகே 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று தொழிலாளர்கள் நசுங்கிச் செத்தார்கள். விசாரணைகள் நடந்தன, நிவாரணம் அறிவிக்கப்பட்டது. படம் 2024 ஜூலை 12 அன்று வெளியானது, அங்கே பால்ட்வின் வழக்கு தள்ளுபடியான அதே நாள். கதாநாயகனின் சம்பளத்தைப் பற்றி அன்று நாம் பேசிய அளவுக்கு அந்த மூவரைப் பற்றிப் பேசினோமா?

இன்னும் கசப்பான இடத்துக்கும் போகவேண்டும். 2025 ஜூலை 13 அன்று நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில், தோழர் பா. இரஞ்சித் இயக்கும் 'வேட்டுவம்' படத்தின் கார் சண்டைக் காட்சியில் ஒரு சண்டைக் கலைஞர் உயிரிழந்தார். இயக்குநர் உட்பட நால்வர் மீது வழக்குப் பதிவானது. உடனே சாதிவெறியர்கள் இணையத்தில் கொண்டாடினார்கள். அவர்களுக்கு இறந்தவர் மீது எந்த அக்கறையும் இல்லை, நம்மவர் ஒருவர் சிக்கினார் என்ற குரூர மகிழ்ச்சி மட்டுமே. அவர்களுக்குப் பதில் சொல்கிறோம் என்ற பெயரில் நம்மில் சிலர், இது வெறும் விபத்து, கேள்வியே கேட்காதே என்றார்கள். நான் மறுக்கிறேன். குற்றம் நடந்ததா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அதற்கு முன் யாரையும் குற்றவாளி என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் 'ரஸ்ட்' தயாரிப்பாளர்களிடம் நான் கேட்கும் கேள்விகள்தான் இங்கேயும் கேட்கப்படவேண்டும்: முன்பே எச்சரிக்கை இருந்ததா? பாதுகாப்பை முடிவு செய்தவர் யார்? வேலையை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு இருந்தது? மேல்தட்டு ஹாலிவுட்டுக்கு ஒரு அளவுகோல், நமக்குப் பிடித்த இயக்குநருக்கு வேறொன்று என்றால், நாம் பேசும் சமத்துவத்துக்கு மதிப்பில்லை. உழைப்பவரின் உயிருக்கு விலை இருக்கிறது என்பதைத் திரையில் காட்டியவர்களிடம் அதைத் தளத்திலும் எதிர்பார்ப்பது பகைமை அல்ல, நம்பிக்கை.

சிறை தீர்வாகுமா?

ஒரு நியாயமான எதிர்வாதம் நம் முகாமிலிருந்தே வரும். சிறையில் அடைபட்டிருப்பவர்கள் யார், விசாரணைக் கைதிகளாக ஆண்டுக்கணக்கில் வாடுபவர்கள் யார் என்று தெரிந்த நாம் இன்னும் அதிகத் தண்டனை கேட்கலாமா? பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு அலட்சியத்தால் மரணம் விளைவிப்பதற்கான தண்டனையை இரண்டு ஆண்டுகளிலிருந்து ஐந்தாக உயர்த்தியிருக்கிறது. அந்த ஐந்து ஆண்டுகள் யார் தலையில் விழும்? லாரி ஓட்டுநர், கிரேன் இயக்குபவர், வெடி வைக்கும் உதவியாளர். முதலாளி தலையில் அல்ல.

அதனால்தான் நான் கூடுதல் தண்டனை கேட்கவில்லை. தண்டனையின் திசையை மாற்றக் கேட்கிறேன். ஒரு தளத்தில் முன்பே ஆபத்து நிகழ்ந்திருந்தால், அல்லது தொழிலாளர் எச்சரித்திருந்தால், அதற்குப் பிறகும் வேலையைத் தொடர உத்தரவிட்டவரே முதல் குற்றவாளி ஆகவேண்டும். யார் கையில் துப்பாக்கி இருந்தது, யார் கிரேனை இயக்கினார் என்பது அதற்குப் பின்னால் வரட்டும். எந்தப் படத்துக்கும் பாதுகாப்புக்குப் பொறுப்பான தயாரிப்பாளர் ஒருவரின் பெயர் முதல் நாளே எழுத்தில் இருக்கவேண்டும். பல தயாரிப்பாளர்கள் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்துகொள்ளும் வழியை அது அடைக்கும். வேலையை நிறுத்தும் அதிகாரம், தயாரிப்பாளரிடம் சம்பளம் வாங்காத ஒரு பாதுகாப்பு அலுவலரிடம் இருக்கவேண்டும். ஆபத்தைச் சொன்னதற்காக வேலையை இழந்தவருக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும்.

கலைச் சுதந்திரம் பாதிக்கப்படும் என்பார்கள். துப்பாக்கியிலிருந்து தெறிக்கும் நெருப்பைக் கணினியில் உருவாக்க முடிகிற காலம் இது. நிஜத் தோட்டாவைத் தளத்துக்கு வெளியே வைப்பதால் எந்தக் கலையும் செத்துவிடாது. 'ரஸ்ட்' மரணத்துக்குப் பிறகு கலிஃபோர்னியா 2023இல் படப்பிடிப்புத் துப்பாக்கிகளுக்கென்றே சட்டம் இயற்றியது. அங்கே படங்கள் நின்றுவிடவில்லை.

தோட்டா எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க எஃப்.பி.ஐ. வரை போனார்கள். அவசரம் எங்கிருந்து வந்தது, சிக்கனம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. சம்பளப் பட்டியலையும், நிர்வாகத்தின் மின்னஞ்சல்களையும், வேலையை விட்டு வெளியேறிய தொழிலாளர்களின் வாக்குமூலங்களையும் ஜூரியின் முன் வைத்தால் போதும். ஹலீனா ஹட்சின்ஸுக்கு அந்த விசாரணை இனி நடக்கப்போவதில்லை. அடுத்த தளத்தில் அடுத்த தொழிலாளி விழும்போது, முதல் தகவல் அறிக்கையின் முதல் பெயர் யாருடையது என்பதை நாம் பார்க்கவேண்டும். அது கிரேன் இயக்கியவரின் பெயராக மட்டும் இருந்தால், அன்றே காவல் நிலைய வாசலில் நின்று கேட்கவேண்டும்: வேலையை நிறுத்தாதே என்று சொன்னவர் பெயர் எங்கே?